மூடிய ஸ்டேஷனின் திதி நாள்

அண்ணா, இந்தக் கடிதத்தை அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவர் சொல்வதில் ஒன்றையும் மறைக்காமல், எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுதுவது பர்மிய எழுத்து. பர்மிய மொழியில் எழுதினால் மனசில் இருப்பதில் பாதிதான் வருகிறது என்கிறார். எனக்குக் கோவில் ஞாயிறு வகுப்பில் படித்த தமிழ் இருக்கிறது. அவர் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது மட்டும் என் வேலை, வேறு எதையும் மாற்ற மாட்டேன். இனி 'நான்' என்று வருவதெல்லாம் அப்பா. இடையில் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன். நம்மைப் பெற்ற அமே அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் காது நன்றாகக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்பு மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். மழை விட்டுவிட்டது. ரங்கூனில், நம் இன்சீன் சந்தையில் பூக்காரர்கள் மறுபடி நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். உன் குரலைக் கேட்டால் நீயும் நலம் என்றுதான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் நீ அமே இருக்கிறாளா என்று கேட்பதும், அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் ஒரு வாரம் முழுக்கச் சந்தையிலேயே இருப்பதில்லை. அவள் எனக்கு எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டுவாள். உனக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். நீ தெரிந்தே கேட்கிறாய், நானும் தெரிந்தே பொய் சொல்கிறேன். இது நீடிக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

அவளுக்குக் கோபம் நீ கட்டிக்கொள்ளப்போகும் ஹெலன் மேல் இல்லை என்பதை நீ முதலில் நம்ப வேண்டும். ஹெலனின் படத்தை பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு டோ மியா வந்தால் அதைக் காட்டி, மூக்கு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சாப்பிட வைக்க வேண்டும் என்று சொல்கிறாள். கோபம் கல்யாணத் தேதி மேல். தேதியும் இடமும் நீ சொன்னபடியே இருந்தால் தன் ஆசீர்வாதம் கிடையாது, உனக்காக எடுத்து வைத்த பட்டு லுங்கியும் வராது என்று சொல்லிவிட்டாள். அவள் ஆசீர்வாதம் இல்லாமல் நீ மாலை மாற்றிக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஹெலனிடம் போய்த் தேதியை மாற்று என்று சொல்லவும் உன்னால் முடியாது. இரண்டுக்கும் நடுவில் நீ அங்கே சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாய். இத்தனைக்கும் காரணம் என் வாய்.

நீ அன்று போனில் கல்யாணம் எங்கே, எப்போது என்று சொன்னாய். இடம், இங்கிலாந்தில் நீ வேலை பார்க்கும் கிராமத்தில் என்றைக்கோ மூடிவிட்ட ரயில் ஸ்டேஷன். அது மூடிய நாளன்று வருஷா வருஷம் ஊர்க்காரர்கள் அங்கே கூடுகிறார்கள், கல்யாணமும் அதே நாளில். அந்த ஸ்டேஷனின் கடைசி போர்ட்டர் ஹெலனின் தாத்தா ஆர்தர். இப்போது உன் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், நீதான் அவரைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிவிடுகிறாய். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் கட்டிலை விட்டு வெளியே வரச் சம்மதிக்கிறார். அடுத்த வருஷம் அவர் இருப்பாரா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பேத்தி கல்யாணத்தை அவர் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாள்தான், அந்த இடம்தான். நீ சொன்னதில் ஒரு குறையும் இல்லை. நான்தான் சிரித்துக்கொண்டே, "அப்ப அது அந்த ஸ்டேஷனுக்குத் திதி நாளு, அன்னிக்கா மால மாத்தப்போறே?" என்று கேட்டுவிட்டேன். ரயில்வேயில் காலம் கழித்தவனின் விளையாட்டுப் பேச்சு, அவ்வளவுதான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அமே கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

நம் வீட்டில் திதியை நினைவில் வைத்திருப்பது நான் இல்லை, அவள். டாலாவில் பர்மியக் குடும்பத்தில் பிறந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகு, என் அப்பாவின் திதியை ஒரு வருஷமும் தவற விட்டதில்லை. கோவிலுக்குப் போய் ஐயரிடம் நாள் கேட்டு வருவாள். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சமைப்பாள். காக்கைக்கு வைத்துவிட்டு, அது வந்து கொத்தும்வரை யாரையும் இலையில் உட்கார விட மாட்டாள். ஒரு வருஷம் காக்கை வராமல் புறா வந்தது. புறாவை விரட்டிவிட்டு உச்சி வெயில் சாயும்வரை நம்மைப் பட்டினி போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு வெளி ஆள் வீட்டுக்குள் வரக் கூடாது, நல்ல காரியம் பேசக் கூடாது, புதுத்துணி கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா. அக்காவே இப்போது இவ்வளவு பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவள் காதில் போய் நான் திதி என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். தமாஷுக்குச் சொன்னேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "திதியில தமாஷ் கெடையாது, செல்வம் அப்பா," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

(அண்ணா, இந்த இடத்தில் அமே அடுக்களையிலிருந்தே, அது புறா இல்லை, மைனா என்றார். அப்பா, புறா என்றே இருக்கட்டும் என்கிறார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது என்பதால் இரண்டையும் எழுதிவிட்டேன்.)

நீ வேறு மொழிக்காரியைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். அதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன், கேட்டுக்கொள். சண்டை எப்போதும் அவள் மொழியில்தான் நடக்கும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கோபம் வந்தால் எனக்குச் சரியான பர்மியச் சொல் வாயில் வராது. நான் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் உன் அமே பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது உண்டா என்பதுபோலப் பார்ப்பாள். பிறகு தமிழில் கத்தத் தொடங்கினேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கத்தி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருக்கும். சில வருஷங்களில் அவள் தமிழும் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு எனக்கு ஒதுங்க இடமே இல்லாமல் போயிற்று. அதனால் ஹெலனுக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடு, ஆனால் சாப்பாட்டுச் சொற்களை முதலில் கொடு. சோறு, உப்பு, போதும், இன்னும் கொஞ்சம். மற்றவை தானாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். ஒரு வழக்கத்தில் பிறந்தவனுக்கு அதில் எது கெட்டி, எது தளர்வு என்று தெரியும். எங்கே விடலாம் என்பது அவன் உடம்பிலேயே இருக்கும். வெளியிலிருந்து வந்து அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அந்தத் தளர்வை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்கள் முழுசாகப் பிடித்துக்கொள்வார்கள். உன் அமே அப்படித்தான் என் வீட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், என் மேல் இருந்த பிரியத்தால். நான் அதை நன்றாக அனுபவித்தேன். ஆனால் இதில் எது நிஜம், எது சும்மா சொல்வது என்று அவளுக்கு நான் ஒருநாளும் உட்கார்ந்து பிரித்துச் சொன்னதில்லை. ஹெலனும் நம் வழக்கத்தில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வாள். நீ விளையாட்டாகச் சொல்வதை அவள் சட்டமாக எடுத்துக்கொள்வாள். எதைச் சொன்னாலும், இது நிஜம், இது விளையாட்டு என்று கூடவே சொல்லிவிடு. என்னைப் போல முடி நரைத்த பிறகு கடிதம் எழுதி விளக்க வேண்டிய நிலைமை உனக்கு வர வேண்டாம்.

உன் அமேயைச் சமாதானப்படுத்த நான் முதலில் எடுத்துப் பார்த்த வழி உன் ஷின்பியூ. சின்னப் பையன்களைச் சில நாள் மடத்தில் துறவியாக்கும் அந்தச் சடங்கை உனக்குச் செய்தது அவள் ஆசைக்காகத்தான். நான் வேலை பார்த்த சின்ன ஹால்ட் உனக்கு நினைவிருக்கும். வட்ட ரயில் பாதையில் இரண்டு பெஞ்சும் ஒரு தகரக் கூரையுமாக இருந்ததே, அதுதான். உன் அமே சமூசாத் தட்டோடு தினமும் அங்கேதான் ரயில் ஏறுவாள். நான் டிக்கெட் கேட்பேன். அவள் டிக்கெட்டை நீட்டுவாள், கூடவே நேற்று மிஞ்சிய சமூசா ஒன்றையும் நீட்டுவாள். அப்படி ஆரம்பித்ததுதான் நம் குடும்பம். பயணிகள் குறைவு என்று அந்த ஹால்ட்டை மூடி, என்னை இன்சீனுக்கு மாற்றினார்கள். மூடிய பிறகும் சில நாள் காய்கறிக் கூடைக்காரப் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரயில் அவர்களைத் தாண்டிப் போகும்போது டிரைவரைப் பார்த்துக் கையை நீட்டுவார்கள்.

உன் ஷின்பியூ ஊர்வலம் அதற்கு அடுத்த வருஷம். வாடகைக் குதிரையில், ஜரிகைத் தொப்பியும் உதட்டுச் சாயமுமாக நீ அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாய். பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. கொட்டுக்காரர்கள், குடை பிடித்தவர்கள், பூத்தட்டுப் பெண்கள், குதிரை என எல்லோரும் அந்த மூடிய ஹால்ட்டின் கூரைக்குக் கீழே ஓடிப்போய் நின்றோம். மடத்து முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். உன் அமேதான் சோற்றுப் பானைகளை ஹால்ட்டுக்கே கொண்டுவரச் சொன்னாள். பிளாட்ஃபாரத்தில் வாழையிலை போட்டு எல்லோருக்கும் பரிமாறினோம். குதிரைகூட ஒரு வாழையிலையைத் தின்றது. உன் முதல் நல்ல காரியமே மூடிய ஸ்டேஷனில்தானே நடந்தது என்று முந்தாநாள் அவளிடம் கேட்டேன். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மழைக்கு ஒதுங்குறது வேற, நாள் குறிச்சுட்டுப் போய் நிக்கிறது வேற. அன்னிக்கு அந்த ஹால்ட்டுக்குத் திதியா? இல்லைல்ல?" என்றாள்.

இனி, நீ எங்களை இணங்க வைக்க எழுதி அனுப்பிய உன் ஸ்டேஷனின் வரலாற்றுக்கு வருகிறேன். தங்கை அதை இரண்டு மாலை உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள். படிக்கத் தொடங்கினாலே உன் அமே டோ மியா வீட்டுக்குப் போய்விடுவாள். நான் புரிந்துகொண்டபடி அதை உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்து.

(அண்ணா, இங்கிருந்து அப்பா தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முகத்தை மட்டும் அடுக்களைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.)

அந்தக் கிராமத்துக்கு ரயில் வருவதற்கு முன்பு, பக்கத்துப் பெரிய ஊருக்குப் போக அரை நாள் குதிரை வண்டியில் குலுங்க வேண்டும். பாதை போட நிலம் கொடுத்த பண்ணைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடக் கூடாது, அன்று ஜனங்கள் சர்ச்சுக்குப் போக வேண்டும். அந்த ஸ்டேஷன் இருந்த காலம் முழுக்க அது அப்படியே நடந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. பண்ணைக்காரர்கள் யாரும் இங்கே எங்களுக்காகப் பேசவில்லை. முதல் ரயில் வந்த அன்று பேண்டு வாத்தியமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்பு ரொட்டியும் கொடுத்தார்கள். செங்கல் கட்டடம், ஒரே பிளாட்ஃபாரம், கூரையின் விளிம்பில் மரத்தில் வெட்டிய பல்பல்லான பூவேலை. நீ அனுப்பிய படத்தில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்சீனில் இதே பூவேலையின் கீழே நின்று நான் எத்தனையோ மழைக்காலம் கொடி ஆட்டியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் பழகிய அச்சையே இங்கேயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காலையில் பால் கேன்கள் பிளாட்ஃபாரத்தில் உருளும் சத்தத்தில்தான் அந்த ஊர் கண் விழித்தது. ஆப்பிள் காலத்தில் கூடைகள். வெள்ளைக் கல்லால் ஸ்டேஷன் பெயரைத் தரையில் எழுதி, அதைச் சுற்றிப் பூச்செடி வளர்த்தார்கள். எந்த ஸ்டேஷன் தோட்டம் அழகு என்று போட்டிகூட நடந்திருக்கிறது. பெரிய சண்டைக் காலத்தில் பட்டணத்தில் குண்டு விழத் தொடங்கியபோது, அங்கிருந்த பிள்ளைகளைக் கோட்டில் பெயர்ச் சீட்டுக் குத்தி ரயிலேற்றி இந்த ஸ்டேஷனில் இறக்கினார்கள். ஊர்க்காரர்கள் பிளாட்ஃபாரத்தில் நின்று ஆளுக்கு ஒன்று இரண்டாக வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அப்போது சின்னப் பையனாக இருந்த ஆர்தரின் வீட்டுக்கும் இரண்டு பேர் வந்தார்கள், ஒரே கட்டிலில் மூன்று பேரும் படுத்தார்கள். இதைத் தங்கை படித்தபோது நான் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். அதே சண்டையில் ரங்கூனிலிருந்து நம் ஆட்கள் கால்நடையாக இந்தியாவுக்குப் போனார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்த என் அப்பா அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். வழியில் யாரோ ஒரு வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பிறகு பஸ் வந்தது, கார் வந்தது. ஆள் குறைந்த பாதைகளை மூடுவது என்று மேலிடத்தில் முடிவானது. சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. அதுவரை ரயிலேறாதவர்கள்கூட அன்று டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள் என்று ஆர்தர் சொல்லியிருக்கிறார். இந்தக் கூட்டம் தினமும் வந்திருந்தால் மூடியிருக்கவே மாட்டார்களே என்று அவருக்கு அன்று கோபமாம். எனக்கும் அதே கோபம் வந்திருக்கும். தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடிகளை வரிசையாக வைத்து, அவை வெடிக்க வெடிக்க ரயிலை வழியனுப்பினார்கள். நாங்கள் பாதையில் ஆபத்து என்றால்தான் அதை வைப்போம். கடைசி ரயில் போனதும் ஆர்தர் கதவைப் பூட்டினார். திங்கட்கிழமை சாவியைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பெரிய ஊரில் கொடுத்துவிட்டு, பால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டடத்தில் கரி மூட்டை அடுக்கினார்கள், அதற்குப் பிறகு கோழி வளர்த்தார்கள், பின்னொரு நாள் கூரை விழுந்தது. நெடுங்காலம் கழித்து ஊர்க்காரர்களே கூடி, செங்கல் செங்கலாகப் பழுது பார்த்தார்கள். தண்டவாளம் இருந்த இடம் இப்போது மக்கள் நடந்து போகும் பாதை.

நீ எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. அந்த நாளன்று ஆர்தரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பிளாட்ஃபாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறாய். கடைசி ரயில் போன நேரத்துக்கு அவர், அந்தப் பாதையில் இருந்த ஸ்டேஷன்களின் பெயர்களை, போர்ட்டர் கூவுவதுபோல, ஒன்று விடாமல் வரிசையாகக் கூவுகிறார். மற்ற நாளில் உன் பெயரே அவருக்கு நினைவில் இருப்பதில்லை என்றாய். அவர் முடித்ததும் கொண்டுவந்த பாத்திரங்களைத் திறந்து, அந்தப் பாதையில் நடந்து போகிறவர்களையும் நிறுத்திக் கூப்பிட்டு

(அண்ணா, அப்பாவின் வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. அமே வெங்காயத் தட்டோடு வாசற்படிக்கு வந்துவிட்டார். இனி நடப்பதை நீயே எழுது, நான் சொன்னால் என் பக்கம் சாய்த்துச் சொல்வேன் என்று அப்பா சொன்னார். அதனால் இங்கிருந்து அடைப்புக்குறி இல்லாமல் நானே எழுதுகிறேன்.)

அமே முதலில் என்னைத்தான் கேட்டார். "அன்னிக்கு அங்க சோறு யாரு போடுறா?"

நான் எழுதுவதை நிறுத்தி, நீங்கள் அனுப்பியதைப் போனில் எடுத்துப் பார்த்தேன். "ஊர்ல எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வருவாங்களாம் அமே. சூப்பு, ரொட்டி, கேக்கு."

"யாருக்குப் போடுறாங்க?"

"வர்றவங்க எல்லாருக்கும். அந்த வழியா நடந்து போறவங்களையும் கூப்பிட்டு உட்கார வெப்பாங்களாம். சண்டைக் காலத்துல வந்த பிள்ளைங்களுக்கு ஊரே சோறு போட்டுச்சுல்ல, அதுக்காகத்தான் கூப்பிடுறதாம்."

அமே தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அமேயின் கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. "இத ஏன் மொதல்லயே சொல்லல? நீங்க திதின்னீங்க. திதின்னா கதவச் சாத்திக்கிட்டு நம்ம வீட்டுக்குள்ள. இது வழில போறவனக் கூப்பிட்டுப் போடுற சோறு, செல்வம் அப்பா. இது திதி இல்ல. இது குதோ."

குதோ என்றால் புண்ணியம் என்று ஹெலனுக்குச் சொல்லுங்கள். அமேயின் அம்மா இறந்த நாளன்று, டாலா வீட்டில் மடத்துத் துறவிகளான பொங்ஜிகளை அழைத்து அன்னமிட்டு, தெருவில் போகிறவர்களையும் உள்ளே இழுத்து உட்கார வைப்பார்களே, அதை அமே திதி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவின் பக்கத்துக்கு ஒரு நாள், தன் பக்கத்துக்கு ஒரு நாள் என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்திருக்கிறார். இங்கிலாந்து ஸ்டேஷனை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதுதான் இந்த ஒரு வாரமாக நம் வீட்டில் நடந்த சண்டை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்பா கெட்டிக்காரர். மெதுவாக, "நம்ம கல்யாணத்தன்னிக்கும் இதத்தானே பண்ணினோம், மா தின்," என்று அமேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் கல்யாணத்தில் மேளமும் இல்லை, மண்டபமும் இல்லை, பொங்ஜிகளுக்கும் படகுத்துறையில் நின்ற சைக்கா ரிக்ஷா ஓட்டுகிறவர்களுக்கும் சோறு போட்டதுதான் கல்யாணம் என்று அப்பா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அமே தலைமுடியைப் பிரித்து, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் ஏதாவது முடிவு செய்தால் அப்படித்தான் செய்வார்.

பிறகு, பிளாட்ஃபாரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். ஊர் முழுக்க என்றேன். அவர்கள் மாட்டுக்கறி சாப்பிடுவார்களா, கோழியா என்றார். கோழி என்றேன், ஹெலன் வீட்டில் கோழி சமைத்ததை நீங்கள் படம் அனுப்பியிருந்தீர்கள். அப்படியானால் டான்பௌக் பிரியாணிதான் என்று சொல்லிவிட்டார், அண்ணா. பிரியாணி அரிசியை அந்த ஊரில் யார் விற்கிறார்கள் என்று நீங்கள் இன்றே விசாரிக்க வேண்டும். கோழியை முந்தின நாளே தயிரில் ஊற வைக்க வேண்டும். மற்றவர்கள் கொண்டுவருவதை மற்றவர்கள் கொண்டுவரட்டும். "ஆனா அடுத்தவங்க சோத்துல எம்புள்ள கல்யாணம் நடக்கக் கூடாது. மொதப் பானை நம்ம பானை. ஆர்தர் தாத்தாவுக்கு அவனே அள்ளி வெக்கணும், சொல்லு."

ஊரே சாப்பிடும் அளவு நம் செல்வம் எப்படித் தனியாகச் சமைப்பான் என்று அப்பா கேட்டார். அதற்குத்தான் ஹெலனின் அம்மாவோடு இப்போதே பேச வேண்டும் என்றார் அமே. உனக்கு ஆங்கிலம் வராதே என்று அப்பா சொன்னதற்கு, இவளுக்கு வரும் என்று என்னைக் காட்டினார். எனக்கு ஆங்கிலத்தில் ஏலக்காய்க்கு என்ன சொல் என்று நினைவுக்கு வரவில்லை. அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இங்கே கரண்ட் மதியமே போய்விட்டது, எல்லாம் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், பேட்டரியில் கடைசிக் கோடு சிவப்பாகிவிட்டது. லைட்டும் ஃபேனும் ஓடினால் வைஃபை பாதிப் பேச்சில் நின்றுவிடும் என்று சொன்னேன். "அப்ப எல்லாத்தையும் நிறுத்து. வைஃபை மட்டும் இருக்கட்டும்," என்றார் அமே. அப்பா, கடிதம் இன்னும் முடியவில்லையே, ஆசீர்வாதத்தை இனிமேல்தான் சொல்ல இருந்தேன் என்றார். "நீங்க நாளைக்கு எழுதுங்க. நான் இப்பச் சொல்றேன்," என்றார் அமே.

நான்தான் கடைசியாக ஒரு தடை சொன்னேன். லைட் இல்லாவிட்டால் வீடியோவில் அவர் முகம் உங்களுக்குத் தெரியாதே என்று கேட்டேன்.

"எம்முகம் அவனுக்குத் தெரியும்," என்றார்.

அமே பீரோக் கண்ணாடியிலிருந்து ஹெலனின் படத்தை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஃபேனை நிறுத்திவிட்டார். அங்கே உங்கள் போன் மணி அடிக்கிறது, நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள் அண்ணா, லைட்டை நிறுத்தியாயிற்று.